அறிவியல் கட்டுரைக்குச் சுருக்கம் எழுதுவது எப்படி?



ஞாயிறு பூசை முடிந்து வீட்டுக்குள் நுழைந்ததும், முழங்கால் வலியால் கோவிலுக்கு வர முடியாத பாட்டி உங்களைக் கேட்பதுண்டு அல்லவா? "இன்னிக்கு சாமியார் என்ன பிரசங்கம் வச்சார்?" என்று. இதற்கு மூன்று விதமாகப் பதில் சொல்லலாம். "ரொம்ப நல்லா இருந்துச்சு பாட்டி" என்பது ஒன்று. பாட்டிக்கு இதனால் ஒரு பயனும் இல்லை. "ஊதாரி மகனைப் பத்திச் சொன்னார்" என்பது இரண்டாவது. பாட்டி அந்த உவமையை அறுபது ஆண்டுகளாகக் கேட்டு வருபவர். இன்றைக்கு அதில் புதிதாக என்ன சொன்னார் என்பதுதான் அவருக்கு வேண்டும். "தம்பி திரும்பி வந்தப்ப அண்ணன்காரன் வீட்டுக்குள்ள வராம வெளியிலேயே நின்னான் இல்ல, நம்மில பல பேரு அந்த அண்ணன் மாதிரிதான் இருக்கோம்னு சொன்னார்" என்பது மூன்றாவது. இதைக் கேட்டதும் பாட்டி தலையை ஆட்டுவார். அரைமணி நேரப் பிரசங்கம் ஒரே வாக்கியத்தில் அவரிடம் வந்து சேர்ந்துவிட்டது.

இக்கட்டுரையில் நான் சொல்லப் போவது முழுவதும் இந்த மூன்றாவது பதிலைப் பற்றியதே. பாட்டிக்குப் பிரசங்கத்தைச் சொல்லத் தெரிந்த பெண்ணுக்கு அறிவியல் கட்டுரையின் சுருக்கமும் எழுத வரும். வராது என்று பயந்துகொண்டிருக்கிறாள், அவ்வளவுதான். அறிவியல் கண்காட்சிக்குப் பெயர் கொடுக்கும்போதெல்லாம் இந்தப் பயத்தைப் பார்க்கிறேன். மாதிரி செய்வாள், அட்டையில் படம் வரைவாள், நடுவர் முன் தடுமாறாமல் பேசுவாள். "ஒரு பக்கத்துக்குள் சுருக்கம் எழுதிக் கொடம்மா" என்றால் முகம் வாடிவிடும். மறுநாள் புத்தகத்தின் முதல் பத்தியை அப்படியே படி எடுத்துக் கொண்டு வருவாள்.

தமிழ்ப் பாடத்தில் ஒரு பத்தியைக் கொடுத்து, மூன்றில் ஒரு பங்காகச் சுருக்கி வரையும்படி கேட்பதுண்டு. அது நல்ல பயிற்சி. ஆனால் அறிவியல் கட்டுரையின் சுருக்கம் அதிலிருந்து ஒரு வகையில் வேறுபட்டது. அங்கே பத்தியின் எல்லாப் பகுதிகளும் ஏறக்குறைய ஒரே அளவில் குறைகின்றன. இங்கே அப்படி இல்லை. பத்துப் பக்கம் கொண்ட கட்டுரையில் ஆறு பக்கம் கருவிகளின் வருணனையாக இருக்கலாம். சுருக்கத்தில் அதற்குக் கிடைப்பது அரை வாக்கியம். ஏழாம் பக்கத்தின் மூலையில் நிற்கும் ஓர் எண் மட்டும் முழு உருவத்தோடு சுருக்கத்துக்குள் வந்து அமரும். எது எவ்வளவு இடம் பெறவேண்டும் என்று தீர்மானிப்பதே இதன் கடினமான பகுதி.

இத்தகைய சுருக்கங்கள் ஏன் தோன்றின என்பதையும் சிறிது பார்ப்போம். 1665 இல் இலண்டனில் பிலசாபிக்கல் டிரான்சாக்ஷன்ஸ் என்னும் அறிவியல் ஏடு தொடங்கியது. அக்காலத்தில் ஆர்வமுள்ள ஒருவர் அச்சாகும் ஆராய்ச்சிகளில் பெரும்பகுதியைத் தாமே படித்துவிடலாம். ஏடுகள் பெருகப் பெருக அது இயலாமற் போயிற்று. 1907 இல் அமெரிக்காவில் வேதியியல் கட்டுரைகளின் சுருக்கங்களை மட்டும் வெளியிடுவதற்கென்றே கெமிக்கல் அப்ஸ்ட்ராக்ட்ஸ் என்ற தனி ஏடு பிறந்தது. நம் நாட்டில் 1952 இல் யுனெஸ்கோவின் உதவியுடன் புதுதில்லியில் இன்ஸ்டாக் என்ற அறிவியல் ஆவண மையம் அமைந்தது. இந்திய ஆராய்ச்சிகளின் சுருக்கங்களைத் தாங்கி, 1965 முதல் இந்தியன் சயின்ஸ் அப்ஸ்ட்ராக்ட்ஸ் என்ற ஏட்டை அம்மையம் வெளியிட்டது.

இவ்விடத்தில் நம் தமிழ்நாட்டுப் பெரியவர் ஒருவரை நினைக்காமல் இருக்க முடியாது. சீர்காழியில் 1892 இல் பிறந்த எஸ். ஆர். இரங்கநாதன் கணக்கு ஆசிரியராக இருந்தவர். 1924 இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் நூலகரானார். நூலகத் துறைக்கு அவர் வகுத்த ஐந்து விதிகள் 1931 இல் நூலாக வெளிவந்து உலகப் புகழ் பெற்றன. அவற்றுள் நான்காவது விதி, வாசகரின் நேரத்தைச் சேமிக்க வேண்டும் என்பது. ஒரு கட்டுரையைப் படிக்கலாமா, விட்டுவிடலாமா என்று ஒருவர் அரை நிமிடத்தில் முடிவு செய்ய உதவும் சுருக்கம் இந்த நான்காவது விதியைத்தான் நிறைவேற்றுகிறது.

சரி, சுருக்கம் சரியாக அமையாவிட்டால் என்ன நேரும்? ஒரு துறவியின் கதையைக் கேளுங்கள்.

கிரிகோர் மெண்டல் அகுஸ்தீன் சபைக் குரு. இன்று செக் நாட்டிலுள்ள புர்னோ நகரத்து மடத்துத் தோட்டத்தில் எட்டு ஆண்டுகள் பட்டாணிச் செடிகளை வளர்த்து, ஒன்றோடொன்று கலந்து, விளைந்த விதைகளை எண்ணிக்கொண்டிருந்தார். உருண்டை விதைச் செடியையும் சுருங்கிய விதைச் செடியையும் கலந்தபோது, முதல் தலைமுறையில் கிடைத்த விதைகள் அனைத்தும் உருண்டை. அவற்றை விதைத்து, செடிகள் தம்முள்ளேயே மகரந்தச் சேர்க்கை செய்துகொள்ள விட்டபோது, அடுத்த தலைமுறையில் 5,474 உருண்டை விதைகளும் 1,850 சுருங்கிய விதைகளும் கிடைத்தன. ஏறக்குறைய மூன்றுக்கு ஒன்று. ஏழு பண்புகளை இவ்வாறு ஆராய்ந்தார். ஏழிலும் இந்த விகிதமே வந்தது. 1865 இல் இதனைத் தம் ஊர் இயற்கை அறிவியல் கழகத்தில் வாசித்தார். 1866 இல் அது அச்சாயிற்று. அதன்பின் முப்பத்து நான்கு ஆண்டுகள் உலகம் அதைப் பெரிதாகக் கவனிக்கவில்லை. மெண்டல் 1884 இல் இறந்துபோனார்.

1881 இல் ஃபோக்கே என்ற ஜெர்மானியர் கலப்புத் தாவரங்களைப் பற்றிப் பெருநூல் ஒன்று எழுதினார். தாவர ஆராய்ச்சியாளர்கள் எடுத்துப் புரட்டும் நூல் அது. அதில் மெண்டலைக் குறிப்பிட்டிருக்கிறார்! எப்படி என்றால், மெண்டலின் பட்டாணிக் கலப்புகள் முன்பு நைட் என்பவர் செய்தவற்றைப் போன்ற முடிவுகளையே தந்தன என்றும், கலப்பு வகைகளுக்கிடையே மாறாத எண் விகிதங்களைத் தாம் கண்டதாக மெண்டல் நம்பினார் என்றும் சில சொற்களில் கூறிச் சென்றுவிட்டார். என்ன விகிதம்? அது அதில் இல்லை. எத்தனை விதைகளை எண்ணினார்? அதுவும் இல்லை. முன்பே ஒருவர் கண்டதுதான் என்று தொடங்கும் குறிப்பைப் படிப்பவர் மூலக்கட்டுரையைத் தேடி ஏன் போகப் போகிறார்? 1900 இல் மூன்று அறிஞர்கள் தனித்தனியே அதே விதியைக் கண்டபோதுதான் மெண்டலின் பெயர் ஒளி பெற்றது.

மெண்டல் மறக்கப்பட்டதற்கு ஃபோக்கே மட்டும் காரணம் என்று நான் சொல்லவில்லை. அக்காலத்துத் தாவர அறிஞர்களுக்குக் கணக்கில் நாட்டம் குறைவு என்பது போன்ற வேறு காரணங்களும் உண்டு. ஆயினும் அந்தக் குறிப்பில் "மூன்றுக்கு ஒன்று" என்ற இரண்டு சொற்கள் இருந்திருந்தால், படித்தவர்களுள் யாரேனும் ஒருவர் நிமிர்ந்து உட்கார்ந்திருக்கக் கூடும்.

பாட்டிக்குச் சொன்ன இரண்டாவது பதிலை இப்போது நினைவுபடுத்திக் கொள்ளுங்கள். "ஊதாரி மகனைப் பத்திச் சொன்னார்." ஃபோக்கே எழுதியதும் அதே வகைதான். கட்டுரை எதைப் பற்றியது என்று சுட்டிக்காட்டுவது ஒரு வகைச் சுருக்கம். கட்டுரை என்ன கண்டது என்று சொல்லிவிடுவது மற்றொரு வகை. நூலகத்துக்கு முதல் வகையும் சில வேளை பயன்படும். மாணவியர் எழுதிப் பழகவேண்டியது இரண்டாவது வகையையே. "இக்கட்டுரையில் ஆராயப்படுகிறது", "இதில் விளக்கப்பட்டுள்ளது", "பல அரிய செய்திகள் கூறப்பட்டுள்ளன" என்றெல்லாம் உங்கள் பேனா எழுதத் தொடங்கினால், உடனே நிறுத்தி, "என்ன அரிய செய்தி? அதைச் சொல்லேன்" என்று உங்களை நீங்களே கேட்டுக்கொள்ளுங்கள்.

அறிவியல் கட்டுரை எதுவாயினும் அதனிடம் நான்கு கேள்விகள் கேட்கலாம். என்ன தெரிந்துகொள்ள விரும்பினார்கள்? அதற்கு என்ன செய்தார்கள்? என்ன கிடைத்தது? கிடைத்ததற்கு என்ன பொருள்? மெண்டலின் நீண்ட கட்டுரை இந்நான்கு கேள்விகளுக்கும் அளிக்கும் விடையை நான் இப்படி எழுதுவேன்:

"பெற்றோரின் பண்புகள் கலப்புச் சந்ததிகளில் எவ்விதியின்படி தோன்றுகின்றன என்று அறிய, பட்டாணிச் செடியின் ஏழு பண்புகள் எட்டு ஆண்டுகள் கலப்பினால் ஆராயப்பட்டன. முதல் தலைமுறையில் இரு பண்புகளுள் ஒன்றே வெளிப்பட்டது. இரண்டாம் தலைமுறையில் மறைந்த பண்பு மீண்டும் தோன்றி, மூன்றுக்கு ஒன்று என்ற விகிதம் அமைந்தது. உருண்டை விதை 5,474, சுருங்கிய விதை 1,850. எனவே பண்புகள் ஒன்றோடொன்று கரைந்து போவதில்லை. தனித்தனிக் கூறுகளாகவே அடுத்த தலைமுறைக்குச் செல்கின்றன."

ஐம்பது சொற்களை ஒட்டியே வருகிறது. மடத்துத் தோட்டத்தின் அழகும் மெண்டலின் பொறுமையும் இதில் இல்லை. அவை கட்டுரைப் போட்டிக்கு உரியவை.

இனி நம் ஊர்ப் பொருளை எடுத்துக்கொண்டு பயிற்சி செய்வோம். கீழே உள்ளது வகுப்புக்காக நான் எழுதிக் கொடுத்த பகுதி.

"பட்டு என்றாலே மங்கலம் என்பது நம்மவர் எண்ணம். சீன நாட்டு அரசி ஒருத்தியின் தேநீர்க் கோப்பையில் பட்டுக்கூடு விழுந்ததால் பட்டு நூல் கண்டுபிடிக்கப்பட்டது என்று ஒரு பழங்கதை உண்டு. பட்டுப்புழு கூடு கட்டும்போது வாயிலிருந்து வெளிவிடும் இழை உண்மையில் இரண்டு மெல்லிய நூல்கள் சேர்ந்தது. இந்நூல்கள் ஃபைப்ராயின் என்னும் புரதத்தால் ஆனவை. செரிசின் என்னும் மற்றொரு புரதம் அவற்றின் மேல் கோந்துபோல் படிந்து இரண்டையும் ஒட்ட வைக்கிறது. கச்சாப் பட்டின் எடையில் ஏறக்குறையக் கால் பங்கு இந்தக் கோந்துதான். ஆகவே ஒரு கிலோ கச்சாப் பட்டு, கோந்து நீங்கியபின் முக்கால் கிலோ அளவே இருக்கும். கோந்து உள்ளவரை நூல் விறைப்பாகவும் மங்கலாகவும் இருக்கும். சாயமும் சீராக ஏறாது. சோப்பும் சிறிதளவு சலவைச் சோடாவும் கரைத்த, கொதிநிலையை நெருங்கிய வெந்நீரில் நூலை அமிழ்த்தினால் செரிசின் கரைந்து நீங்கும்; ஃபைப்ராயின் கரையாது. நூல் மென்மையும் பளபளப்பும் அடையும். ஆனால் சோடா மிகுந்தாலும், நேரம் மிகுந்தாலும், ஃபைப்ராயினும் தாக்குண்டு நூலின் வலிமை குறைந்துவிடும்."

ஒருத்தி எழுதிக் கொண்டுவந்தது: "பட்டு மங்கலமான பொருள். நம் ஆரணி பட்டுக்குப் பெயர் பெற்றது. சீன அரசி ஒருத்தி பட்டைக் கண்டுபிடித்தாள். பட்டு நூலைச் சோப்பும் சோடாவும் போட்டுக் கொதிக்க வைத்தால் பளபளப்பாகும்." கையெழுத்து முத்து முத்தாக இருந்தது. ஆனால் ஆரணியைப் பற்றிப் பகுதியில் ஒரு சொல்லும் இல்லை. அது அவளாகச் சேர்த்தது. பழங்கதை என்று நான் எழுதியதை நடந்த உண்மையாக்கிவிட்டாள். செரிசினைக் காணோம். நான் சிவப்பு மையால் இவற்றைக் குறித்துக் கொடுத்தேன். ஆனால் அதில் இருந்த பெரிய பிழையைக் கண்டவர் நானல்லர், அவளுடைய அப்பா. அவர் சாயப்பட்டறையில் வேலை செய்பவர். நோட்டை வாங்கிப் பார்த்தவர், "ஏம்மா, சோடா எவ்வளவு, எவ்வளவு நேரம்னு ஒண்ணும் போடலியே! இதைப் பாத்து ஒருத்தன் காய்ச்சினா நூல் பாழாப் போயிடுமே" என்றாராம். மறுநாள் அவளே வந்து சொல்லிச் சிரித்தாள்.

உண்மைதான். "சிறிதளவு" என்ற சொல்லையும் "ஆனால்" என்று தொடங்கிய கடைசி வாக்கியத்தையும் அவள் விட்டுவிட்டாள். சுருக்குகிறவர்கள் முதலில் கைவைப்பது இத்தகைய சொற்களின் மேல்தான். சிறிதளவு, பெரும்பாலும், சில வேளை, இன்ன சூட்டில், இன்னாருக்கு மட்டும் என்பவை அலங்காரச் சொற்கள்போலத் தோன்றும். அறிவியல் கட்டுரையில் அவையே வேலி. வேலியை எடுத்துவிட்டால் உண்மையான செய்தியே பொய்யாகிவிடும்.

அவள் இரண்டாம் முறை எழுதியதைத் திருத்தி நாங்கள் வகுப்பில் வைத்துக்கொண்ட வடிவம் இது: "கச்சாப் பட்டிழை, ஃபைப்ராயின் நூல்கள் இரண்டும் அவற்றை மூடிய செரிசின் என்னும் கோந்தும் கொண்டது, எடையில் ஏறக்குறையக் கால் பங்கு செரிசின். சோப்பும் சிறிதளவு சோடாவும் கலந்த வெந்நீரில் செரிசின் மட்டும் கரைவதால் நூல் மென்மையும் பளபளப்பும் பெற்று, சாயம் சீராக ஏறும் நிலையை அடைகிறது. சோடாவோ நேரமோ மிகுந்தால் ஃபைப்ராயினும் தாக்குண்டு நூல் வலிமை இழக்கும்." மங்கலமும் அரசியும் போய்விட்டனர். முக்கால் கிலோக் கணக்கும் போயிற்று, கால் பங்கு என்பதிலேயே அது அடங்கிவிட்டபடியால். எச்சரிக்கை மட்டும் போகவில்லை.

ஒரு சொல் விடுபட்டதால் ஒரு சிப்பம் நூல் கெடுவது ஒருபுறம் இருக்கட்டும். உயிர்கள் சம்பந்தப்பட்ட ஒரு செய்தியைச் சொல்கிறேன். பெற்றோரும் இதைப் படிக்கவேண்டும். 1980 இல் அமெரிக்காவின் புகழ்பெற்ற மருத்துவ ஏடான நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசினில் ஐந்தே வாக்கியங்கள் கொண்ட கடிதம் ஒன்று வெளிவந்தது. அபினிலிருந்து வரும் மருந்துகளையும் அவற்றைப் போன்ற வலி நீக்கிகளையும் மருத்துவமனையில் தங்கிப் பெற்ற 11,882 நோயாளிகளின் குறிப்புகளைப் பார்த்ததில், முன்பு அடிமைப் பழக்கம் இல்லாதவர்களுள் நால்வரே அம்மருந்துக்கு அடிமையானதாகத் தெரிந்தது என்பது அதன் சாரம். மருத்துவமனையில், மருத்துவர் கண்காணிப்பில், என்பதே அதன் வேலி.

பின்னாளில் இக்கடிதத்தை எடுத்துக் காட்டியவர்கள் அதை ஒரு வரியாகச் சுருக்கினர்: இம்மருந்துகளால் அடிமைத்தனம் வருவது மிக அரிது. வீட்டுக்கு மருந்தை வாங்கிச் சென்று மாதக்கணக்கில் விழுங்குவோருக்கும் அந்த வரி பொருந்துவதுபோல் ஆயிற்று. 2017 இல் அதே ஏட்டில் ஒரு கணக்கெடுப்பு வெளிவந்தது. அக்கடிதத்தை மேற்கோள் காட்டிய 608 எழுத்துகளைப் பார்த்ததில், நூற்றுக்கு எண்பதுக்கும் மேற்பட்டவை, அந்த நோயாளிகள் மருத்துவமனையில் தங்கியிருந்தவர்கள் என்பதைச் சொல்லவே இல்லை. இதற்கிடையே அமெரிக்காவில் இவ்வகை வலி நீக்கிகளுக்கு அடிமையானோரும் அவற்றால் மாண்டோரும் இலட்சக்கணக்கில் பெருகிவிட்டனர். மருந்துக் குழுமங்களின் விளம்பரமும் பேராசையும் இதில் பெரும் பங்கு வகித்தன. ஆயினும் அந்த விளம்பரத்துக்குத் துணை நின்றவற்றுள் ஒன்று, "மருத்துவமனையில்" என்ற ஒரு சொல்லை விட்டுவிட்ட சுருக்கம்.

தமிழில் எழுதும் நமக்கு இன்னொரு கண்ணியும் உண்டு. ஆங்கிலத்தில் "இல்லை" என்பது பெரும்பாலும் தனிச் சொல்லாக நிற்கும். தமிழிலோ "கரையும்", "கரையாது" என்று சொல்லின் வாலிலேயே மறுப்பு ஒளிந்திருக்கும். படி எடுக்கும் அவசரத்தில் வால் மாறினால் பொருள் தலைகீழ். எழுதி முடித்ததும் வினைச்சொற்களின் கடைசியை மட்டும் ஒருமுறை விரல்வைத்துப் பார்த்துவிடுங்கள்.

மற்றொன்றையும் சொல்கிறேன், தமிழாசிரியைகள் என்னை மன்னிக்க வேண்டும். ஒரே சொல்லைத் திரும்பத் திரும்ப எழுதாமல் வேறு சொற்களை மாற்றி மாற்றிப் பெய்வது இலக்கியக் கட்டுரைக்கு அழகு. ஞாயிறு, கதிரவன், பகலவன், ஆதவன் என்று எழுதுங்கள், மகிழ்வோம். அறிவியல் சுருக்கத்தில் "வெப்பம்" என்று ஒரு வரியிலும் "வெப்பநிலை" என்று அடுத்த வரியிலும் ஒரே பொருளில் எழுதினால் பிழை. அவை இரண்டும் வேறு. ஒரு கலைச்சொல்லை எடுத்தால் கடைசி வரை அதையே பிடித்துக்கொள்ளுங்கள். பாடநூலில் உள்ள சொல்லே போதும். புதிதாக ஆக்க வேண்டாம்.

நன்னூல் படித்த மேல் வகுப்பு மாணவியருக்கு இவை புதியன அல்ல. நூலுக்குரிய பத்து அழகுகளுள் முதலாவது சுருங்கச் சொல்லல், இரண்டாவது விளங்க வைத்தல். பத்துக் குற்றங்களுள் முதலாவது எது தெரியுமா? குன்றக் கூறல். சுருங்குவது அழகு, குன்றுவது குற்றம் என்று பவணந்தி முனிவர் இரண்டையும் முதல் இடத்தில் வைத்திருக்கிறார். சாயப்பட்டறை அப்பா கண்டது இந்தக் குன்றக் கூறலைத்தான்.

இனி, உட்கார்ந்து எழுதும் முறை. முதன்முறை படிக்கும்போது பென்சிலைத் தொடாதீர்கள். முதல் வாசிப்பிலேயே அடிக்கோடு போடுகிறவள் கண்ணில் பட்டதையெல்லாம் கோடிடுவாள்; கடைசியில் கோடில்லாத வரியைத் தேடவேண்டியிருக்கும். இரண்டாம் முறை நான்கு கேள்விகளோடு படித்து, எண்களையும் வேலிச் சொற்களையும் தனித்தாளில் குறித்துக்கொள்ளுங்கள். அதன்பின் புத்தகத்தை மூடிவிடுங்கள். ஆம், மூடிவிட்டுத்தான் எழுத வேண்டும். திறந்திருந்தால் கை தானாக அதன் வாக்கியங்களைப் பின்பற்றும். மூடியிருந்தால் உங்களுக்குப் புரிந்தது மட்டுமே தாளில் வரும், புரியாத இடத்தில் பேனா நின்றுவிடும். நின்ற இடம் எது என்று பார்த்து அந்தப் பகுதியை மறுபடி படியுங்கள். எழுதியபின் புத்தகத்தைத் திறந்து எண்களைச் சரிபாருங்கள். எண்ணை நினைவிலிருந்து எழுதுவதைப்போல் ஆபத்தானது வேறில்லை. உங்கள் சொந்தக் கருத்து, பாராட்டு, வியப்பு எவற்றுக்கும் அங்கே இடமில்லை. கட்டுரையாசிரியர் தவறாகச் சொல்லியிருக்கிறார் என்று உங்களுக்குத் தோன்றினாலும், சுருக்கத்தில் அவர் சொன்னதே வரவேண்டும். உங்கள் மறுப்பைக் கீழே தனியே எழுதலாம்.

படமும் அட்டவணையும் இல்லாமலே சுருக்கம் புரிய வேண்டும். "மேலே கண்டபடி" என்று எழுதாதீர்கள். மேலே ஒன்றும் இருக்காது.

கலைந்த கூந்தலை எத்தனை நேர்த்தியாகச் சின்னப் பின்னலில் அடக்கலாம் என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு வேண்டுமானால், பிப்ரவரி 28 ஆம் நாளை நினையுங்கள். நம் பள்ளிகளில் தேசிய அறிவியல் நாளாகக் கொண்டாடுகிறோம். 1928 இல் அந்நாளில் கல்கத்தாவிலுள்ள இந்திய அறிவியல் வளர்ச்சிக் கழகத்தில் சர் சி. வி. இராமன் தம் ஒளிச்சிதறல் கண்டுபிடிப்பை உறுதி செய்தார். (1876 இல் டாக்டர் மகேந்திரலால் சர்க்கார் அக்கழகத்தைத் தொடங்கியபோது அவருக்குத் தோள் கொடுத்தவர் தந்தை லபோன் என்ற இயேசு சபைக் குரு. நம் அருட்சகோதரியருக்கு இச்செய்தி மகிழ்ச்சி தரும்.) இராமனும், வத்திராயிருப்பில் பிறந்த கே. எஸ். கிருஷ்ணனும் சேர்ந்து நேச்சர் என்ற ஏட்டுக்கு எழுதிய அறிவிப்பு 1928 மார்ச் 31 இல் வெளியாயிற்று. ஒரு பக்கத்துக்கும் குறைவுதான். எதை எதிர்பார்த்தார்கள், சூரிய ஒளியை எப்படிக் குவித்தார்கள், எவ்வகை வண்ண வடிகட்டிகளை வைத்தார்கள், ஏறத்தாழ 60 திரவங்களைச் சோதித்ததில் ஒவ்வொன்றிலும் அவ்விளைவு தெரிந்தது, அது சாதாரண ஒளிர்வு அன்று என்பதற்கு என்ன சான்று என்பதெல்லாம் அதற்குள் இருக்கின்றன. "நாங்கள் மிகப் பெரிய கண்டுபிடிப்பைச் செய்துள்ளோம்" என்று அவர்கள் தங்களைப் புகழ்ந்துகொள்ளவில்லை. 1930 இல் நோபல் பரிசு இராமனைத் தேடி வந்தது.

உங்கள் சொந்த ஆய்வுக்குச் சுருக்கம் எழுதுவதைப் பற்றியும் ஒரு வார்த்தை. 1993 முதல் நாடெங்கும் நடந்துவந்த தேசியக் குழந்தைகள் அறிவியல் மாநாட்டுக்கு, தமிழ்நாட்டில் தமிழ்நாடு அறிவியல் இயக்கத்தின் முயற்சியால், கிராமப் பள்ளிகளிலிருந்துகூடப் பிள்ளைகள் தங்கள் ஊர்க் கிணற்று நீரையும் குப்பையையும் பயிரையும் ஆராய்ந்து தமிழில் எழுதிக் கொண்டு போனார்கள். அத்தகைய ஆய்வறிக்கையின் முதல் பக்கத்தில் நிற்பது சுருக்கம். எழுத வேண்டியதோ கடைசியில். முதலிலேயே எழுதிவிட்டால், ஆய்வில் கிடைக்கும் என்று நீங்கள் நினைத்தது அதில் இருக்கும். உண்மையில் கிடைத்தது இராது. எதிர்பார்த்தது கிடைக்கவில்லை என்றால் அதையும் அப்படியே எழுத வேண்டும். "வேப்பம் புண்ணாக்கு இட்ட தொட்டியிலும் இடாத தொட்டியிலும் செடியின் உயரத்தில் வேறுபாடு காணப்படவில்லை" என்று ஒருத்தி துணிந்து எழுதினால், அலங்கரித்துப் பொய் சொன்ன பத்துச் சுருக்கங்களுக்கு அது மேல் என்று நான் மதிப்பெண் போடுவேன்.

நூலகத்தில் சன்னலோர மேசைமேல் நீல அட்டை போட்ட நோட்டு ஒன்று வைத்திருக்கிறேன். அறிவியல் நூலிலோ இதழிலோ நீங்கள் படித்த ஒரு கட்டுரைக்கு ஐம்பது சொற்களுக்குள் சுருக்கம் எழுதி, கட்டுரையின் பெயரும் பக்கமும் குறித்து, அந்நோட்டில் பதியுங்கள். அடுத்து வருபவள் அந்தச் சுருக்கத்தைப் படித்துவிட்டு மூலத்தைத் தேடிப் படித்து, விடுபட்டது ஏதேனும் இருந்தால் பென்சிலால் ஓரத்தில் எழுதலாம். முதல் பக்கத்தில் பட்டுக் கோந்தின் சுருக்கம் இருக்கிறது. அதன் ஓரத்தில் இப்போதே ஒருத்தி எழுதிவிட்டாள்: "சோடா சிறிதளவு என்றால் எவ்வளவு, டீச்சர்?"

நல்ல கேள்வி. சுருக்கத்தில் மட்டுமன்று, நான் எழுதிக் கொடுத்த மூலத்திலேயே அந்த அளவு இல்லை. அவளுடைய தோழியின் அப்பாவைத்தான் கேட்டு வரச் சொல்லியிருக்கிறேன்.